பிரேக் வேலை செய்யாது

படகு இல்லத்துக்குப் பின்னால், சோளம் சுடும் சந்தில்
ஆறு இயந்திரங்கள் என் பொறுப்பு.
டோக்கன்களை வர்க்கி டின்னில் போட்டு வைத்திருக்கிறேன்,
கையில் எடுத்தால் இன்னும் நெய் மணக்கும்.

மூலையில் நிற்பது மோதல் வண்டி.
மற்ற பந்தயங்களில் முட்டினால் தோற்றாய்.
இதில் முட்டாமல் போனால்தான்.
நாற்சந்தி நெருங்கும்போது
திரை ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும்.
பிறகு, பால் பொங்குகிற நிதானத்தில்
பேருந்து குப்புறக் கவிழும்
டேங்கர் லாரி இடுப்பில் மடியும்
கண்ணாடி ஆலங்கட்டியாய் இறங்கும்
அடியில் நஷ்டக் கணக்கு ஓடும்:
லட்சம், கோடி, பத்துக் கோடி.

எந்த வண்டிக்குள்ளும் ஆள் கிடையாது.
வேலைக்குச் சேர்ந்த வாரமே
திரையோடு கண்ணை ஒட்டிப் பார்த்துவிட்டேன்.
கறுப்பு இருக்கைகள், அவ்வளவுதான்.

சுற்றுலாப் பிள்ளைகளுக்கு ரெண்டு ஆட்டத்தில் சலித்துவிடும்.
விடாமல் வருகிறவர்கள் டிரைவர்கள்.
பர்லியாறிலிருந்து இரண்டாம் கியரிலேயே ஏறியவர்கள்,
வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து
வாந்தி எடுக்கும் குழந்தைக்காக ஓரங்கட்டி
"அண்ணா, இதுக்கு நடந்தே வந்திருக்கலாம்" என்பதற்கும்
கண்ணாடியில் பார்த்துச் சிரித்து வைத்தவர்கள்.
சவாரியைப் படகில் ஏற்றிவிட்டு
நேராக இங்கே வந்து
ஒரு நகரத்தையே நொறுக்குவார்கள்.

போஜனுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஊர்.
டெம்போ டிராவலர், இருபத்திரண்டு வருஷம்,
பம்பரில் ஒரே கீறல், அதுவும் மாடு.
முதல் ஐந்து இடமும் அவருடையது.
இயந்திரம் மூன்று எழுத்துதான் கேட்கும்.
முதலாளியின் இனிஷியலைப் போடுவார்.
"நஷ்டம் அவருக்கு, பேரும் அவருக்கே இருக்கட்டும்."

அதன் பிரேக் மிதி செத்து இரண்டு வருஷம்.
மிதித்தால் தரையோடு படுத்துக்கொள்ளும்.
வேலை செய்யாது என்று தாள் ஒட்டினேன்.
யாரும் குறை சொன்னதில்லை,
யாருக்கு வேண்டும் அது?

ஜூலையில், காற்று தகரத்தைத் தூக்கிய ஒரு சாயங்காலம்
குல்லாவைக் கழற்றாமலே வந்தார்.
உடம்பெல்லாம் கருகிய பிரேக் நெடி.
ஏழாவது வளைவில் தடுப்புச்சுவர் இல்லை என்று
சோளக்காரி மதியமே சொல்லியிருந்தாள்.
யாருடைய வண்டி என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

டோக்கன் போட்டார்.
இடது ஓரமாகவே போனார்.
பேருந்துக்கு வழிவிட்டார்.
டேங்கரைத் தாண்டவில்லை.
பின்னால் நின்ற பசங்கள் "ஐயோ, முட்டுங்க சார்!" என்று கத்தினார்கள்.
நாற்சந்தி வந்தது,
கடந்தது.
நஷ்டம் பூஜ்யம்.
ஆட்டம் முடியவில்லை.
முட்டாதவனை என்ன செய்வதென்று
இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போல.
கடைகள் நின்றன, மரங்கள் நின்றன,
வரைந்தவன் சாலையை நிறுத்திய இடத்தில்
வெறும் சாம்பல் நிறம்.
எங்கள் ஊர்ப் பனிமூட்டம் மாதிரியே,
குளிர் மட்டும் இல்லை.
அதற்குள் அந்தச் சிவப்புக் கார் போய்க்கொண்டே இருந்தது.
அவர் கால் மிதியைத் தேடியது.
ஒருமுறை. இன்னொருமுறை.
பிளாஸ்டிக் தரையில் தட்டுகிற சத்தம்.

பிளக்கைப் பிடுங்கியது நான்தான்.
"அதைச் சரி பண்ணிடும்மா" என்றார்.

ஸ்பிரிங் கோயம்புத்தூரிலிருந்து வந்தது,
நூற்று நாற்பது ரூபாய்.
முதலாளி ஏன் என்று கேட்டார்,
துரு என்றேன்.

அடுத்த வாரம் பன்னிரண்டு கோடிக்குக் கவிழ்த்தார் போஜன்,
அதே மூன்று எழுத்தில்.
பசங்கள் கைதட்டினார்கள்.
டோக்கன் போடுவதற்கு முன்னால்,
படம் கூட வராத திரைக்கு எதிரில்,
மலை இறங்கப் போகிறவர் மாதிரி
ஒரே ஒரு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.